சூப்பர்ஹீரோக்களுக்கு இத்தனை இருட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே இருக்கும் தோங்காட்டில் இருந்து எழுதுகிறேன். உங்கள் ஞாயிறு சினிமா பக்கத்தை இணையத்தில் வாராவாரம் படிக்கிறவன். அந்தப் பக்கத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. ஹாலிவுட்டில் ஏதாவது ஒரு சூப்பர்ஹீரோவை மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்து, அதாவது ரீபூட் செய்து, கொஞ்சம் இருட்டாக, கொஞ்சம் கோபமாக, நாலு காட்சியில் மழையில் நனைய விட்டு எடுத்தால் போதும், உங்கள் விமர்சகர் முதிர்ச்சியான படம் என்று அரை மார்க் கூடப் போட்டுவிடுகிறார். அதே ஹீரோ சிரித்துக்கொண்டு வந்தால் குழந்தைகள் படம், போய்ப் பார்த்துவிட்டு மறந்துவிடலாம் என்கிறார். டார்க் என்றால் ஆழம், கலர் என்றால் மேலோட்டம் என்பது ஸ்டூடியோக்காரர்கள் போட்ட வியாபாரக் கணக்கு. அதை நாமும் அப்படியே வாங்கி ஒப்பிக்க வேண்டுமா?

பேட்மேனையே எடுத்துக்கொள்வோம். 1966இல் டிவியில் வந்த ஆடம் வெஸ்ட் பேட்மேன் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிற ஆள். 1986இல் ஃபிராங்க் மில்லர் அதே பேட்மேனை வயதான, கசப்பான மனிதனாக வரைந்து காமிக்ஸ் உலகத்தையே திருப்பிப் போட்டார். 1989இல் டிம் பர்ட்டன் படம் கருப்பாக வந்து பெரிய வெற்றி பெற்றது. சரி, இருட்டு விற்கிறது என்று 1992இல் இன்னும் கருப்பாக ஒன்று எடுத்தார்கள். அதில் பெங்குவின் என்ற வில்லன் வாயில் கருப்புக் கோழை ஒழுகுவதைப் பார்த்து அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்துப் போனார்கள், ஏனென்றால் அந்தப் படத்தின் பொம்மைகளை மெக்டொனால்ட்ஸில் குழந்தைகள் சாப்பாட்டோடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உடனே வார்னர் நிறுவனம் இயக்குநரை மாற்றியது, ஜோயல் ஷூமாக்கர் வந்தார், நியான் விளக்கு வந்தது, 1997 படத்தில் பேட்மேன் தன் பெயர் போட்ட கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினார், ரசிகர்கள் தியேட்டரிலேயே சிரித்தார்கள் (அவர்கள் சிரிக்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் இல்லை). அதற்குப் பிறகு 8 வருடம் பேட்மேன் படமே இல்லை. அப்புறம் 2005இல் கிறிஸ்டோபர் நோலன் வந்து மறுபடி இருட்டு. பெற்றோர் கோபப்பட்டால் வெளிச்சம், ரசிகர்கள் சிரித்தால் இருட்டு என்று இப்படி மாறி மாறி ஓடுவதைத்தான் நாம் கலை வளர்ச்சி என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நோலனின் இரண்டாவது பேட்மேன் படம், 2008இல் வந்த அந்தப் படம், 100 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது. நல்ல படம், மறுக்கவில்லை, எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் அதில் உங்கள் மனதில் நிற்கும் காட்சிகளை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். ஆரம்பத்தில் வரும் வங்கிக் கொள்ளை பட்டப்பகலில் நடக்கிறது. வில்லன் ஜோக்கர் நர்ஸ் உடையில் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே நடந்து வர, பின்னால் கட்டடம் வெடிக்கிறதே, அதுவும் பகல். போலீஸ் விசாரணை அறையில் ஜோக்கர் இருட்டில் உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் நடப்பதில்லை, பளீரென்று விளக்கு எரிந்து பேட்மேன் பின்னால் நிற்பது தெரியும்போதுதான் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கடைசியில் இரண்டு படகுகள். ஒன்றில் ஊர்மக்கள், இன்னொன்றில் கைதிகள், ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்க வைக்கும் கருவி. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. பார்த்தாலே பயமாக இருக்கும் ஒரு கைதி அதை வாங்கி ஜன்னல் வழியே தண்ணீரில் எறிந்துவிட்டுப் போய் உட்காருகிறான். டார்க் படம் என்று உலகமே கொண்டாடிய படத்தின் உச்சக்கட்டம் மனிதர்கள் கெட்டுப்போக மறுக்கிற காட்சி. இதை ஸ்டூடியோக்காரர்கள் கவனிக்கவே இல்லை. நிறத்தைக் குறை, குரலைக் கரகரப்பாக்கு, சிரிப்பை எடு என்ற மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு போனார்கள்.

அப்படிப் போனதன் விளைவு 2013 சூப்பர்மேன். சட்டையின் சிவப்பும் நீலமும் சாயம் போன மாதிரி, வானம்கூடச் சாம்பல். படத்தில் பாதி நகரம் இடிந்து விழுகிறது, அதற்குள் இருந்த ஜனங்கள் என்ன ஆனார்கள் என்று நின்று பார்க்கப் படத்துக்கு நேரமில்லை, கடைசியில் சூப்பர்மேன் வில்லன் ஜாடின் கழுத்தைத் திருகி முறிக்கிறார். எங்கள் எதிர்வீட்டில் ஒரு ஆயா இருக்கிறார்கள், இங்கேயே பிறந்து கரும்புத் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்கள், தமிழ் இன்னும் நாக்கில் இருக்கிற கடைசித் தலைமுறை. எங்கள் வீட்டு டிவியில் இந்தக் காட்சி ஓடும்போது உள்ளே வந்தவர்கள், "இதில் யார் முருகன், யார் சூரன்?" என்று கேட்டார்கள். நான் சிவப்புத் துணி போட்டவரைக் காட்டினேன். "அவனா? அவனும் இவனை மாதிரியேதானே கத்துறான்" என்று சொல்லிவிட்டு வந்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

சிரிப்பாக இருந்தாலும் ஆயா கேட்டதில் விஷயம் இருக்கிறது. கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கதையின் முடிவு தெரியும். ஆறு நாள் போர், கடைசியில் மாமரமாகி நின்ற சூரனை வேல் பிளக்கிறது, ஒரு பாதி மயிலாகிறது, மறுபாதி சேவலாகிறது. ஒன்றை வாகனமாகவும் ஒன்றைக் கொடியாகவும் முருகன் கூடவே வைத்துக்கொள்கிறார். எதிரியை என்ன செய்தார் என்பதில்தான் ஹீரோ யார் என்று தெரிகிறது. கொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொன்றால் அந்தக் கொலை அடுத்த காட்சிகளிலும் அவன் தோளில் உட்கார்ந்திருக்க வேண்டும். 2013 படத்தில் சூப்பர்மேன் ஒரு அலறல் அலறுகிறார், அடுத்து கொஞ்ச நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை ஆபீசில் வேலைக்குச் சேருகிறார். 2016இல் வந்த அடுத்த படத்தில் பேட்மேனும் சேர்ந்துகொண்டு குற்றவாளிகள் உடம்பில் காய்ச்சிய இரும்பால் முத்திரை குத்தினார். அதற்கடுத்து 2017இல் இவர்கள் சேர்ந்து வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படம் ரொம்ப இருட்டாகிவிட்டது என்று பயந்து, முதல் இயக்குநர் விலகியதும் வேறு இயக்குநரை வைத்து நிறையக் காட்சிகளைத் திரும்ப எடுத்து ஜோக் சேர்த்தார்கள். 2021இல் முதல் இயக்குநரின் நாலு மணி நேர வடிவத்தை வெளியிட்டார்கள், அதோடு நிற்காமல் அதையே கருப்பு வெள்ளையிலும் தனியாக விட்டார்கள். மிச்சமிருந்த கொஞ்ச நிறமும் யாருக்கோ உறுத்தியிருக்கிறது போல!

இனி எங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நான் சொல்ல வந்ததற்கு நல்ல சாட்சி தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கிறது. ஜாஷ் டிராங்க் என்ற இளம் இயக்குநர் 2012இல் வெளியான 'க்ரானிக்கிள்' என்ற படத்தின் பெரும்பகுதியைக் கேப் டவுனில் எடுத்தார். கதை நடப்பது அமெரிக்காவின் சியாட்டிலில், ஆனால் காமிரா ஓடியது இங்கே. செலவு ஏறக்குறைய 1.2 கோடி டாலர், இந்த வகைப் படங்களுக்கு அது டீச்செலவு. உலகம் முழுக்க 12 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மூன்று பையன்களுக்கு, பொருட்களை மனதாலேயே நகர்த்தும் சக்தி வந்துவிடுகிறது. முதல் பாதியில் அவர்கள் செய்வது பெரும்பாலும் குறும்பு: பொம்மைக்கடையில் கரடி பொம்மையை மிதக்கவிட்டுக் குழந்தையைப் பயமுறுத்துவது, வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய காரையோ நகர்த்தி வைத்துவிட்டு அந்த அம்மா தேடுவதைப் பார்த்துச் சிரிப்பது, மேகத்துக்கு மேலே போய்ப் பந்து விளையாடுவது. நமக்கே அந்தச் சக்தி வந்தால் முதல் வாரம் இதைத்தான் செய்வோம். ஆனால் மூவரில் ஆண்ட்ரூ என்ற பையனின் வீட்டில் அம்மா சாகக் கிடக்கிறாள், அப்பா குடித்துவிட்டு அடிக்கிறான், பள்ளியில் கேலி. ஒரு நாள் அவன் ஒரு சிலந்தியை அந்தரத்தில் தூக்கி, கால் கையைப் பிய்த்துப் போடுகிறான். சின்னக் காட்சி, ஒரு நிமிடம்கூட இருக்காது. அங்கேதான் படம் இருட்டத் தொடங்குகிறது. அதற்கு முன்னால் மேகத்தில் பந்து விளையாடியதைப் பார்த்திருப்பதால் நமக்கு அது வலிக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்து மயங்கிய ஃபாக்ஸ் நிறுவனம் அதே டிராங்கைக் கூப்பிட்டு 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' கதையை ரீபூட் செய்யச் சொன்னது. ஸ்டேன் லீயும் ஜாக் கிர்பியும் 1961இல் உருவாக்கிய குடும்பம் அது. ஒரு விஞ்ஞானி, அவர் காதலி, அவள் தம்பி, விஞ்ஞானியின் நண்பன். தம்பிக்கும் நண்பனுக்கும் எப்போதும் சண்டை, ஒருவரையொருவர் கிண்டலடித்தே காலம் ஓட்டுகிறவர்கள். இந்தக் குடும்பத்தைப் பிடித்து ஒரு சாம்பல் நிற ஆராய்ச்சிக்கூடத்தில் அடைத்தார்கள். கல்லாகிப் போன நண்பன் பென்னை ராணுவம் ஆயுதமாக்கி ஆட்களைக் கொல்ல அனுப்பியது. வில்லன் டூம் நடைபாதையில் நடந்து வந்தால் எதிரில் வருகிறவர்கள் தலை வெடிக்கிறது. யாரும் யாரோடும் சேர்ந்து ஒரு வேளை சோறு தின்றதாகக்கூடத் தெரியவில்லை, இவர்கள் எப்படிக் குடும்பம்? 2015இல் படம் வந்து 12 கோடி டாலர் செலவுக்கு 17 கோடிக்கும் குறைவாகத்தான் வசூலித்தது, அதில் தியேட்டர்காரர்கள் பங்கு போனால் நஷ்டம்தான். ஸ்டூடியோவுக்கும் இயக்குநருக்கும் சண்டை, திரும்ப எடுத்த காட்சிகளில் கதாநாயகி விக் வைத்திருப்பது பளிச்சென்று தெரியும், அதைப் பார்த்தால் எது முன்பு எடுத்தது எது பின்பு எடுத்தது என்று நீங்களே பிரித்துவிடலாம். ரிலீசுக்கு முந்தைய நாள் டிராங்க், ஒரு வருடத்துக்கு முன் தன்னிடம் இதைவிட நல்ல வடிவம் இருந்தது என்று ட்வீட் போட்டுவிட்டு அழித்தார்.

அதே இயக்குநர், அதே இருட்டு, மூன்று வருட இடைவெளி. ஒன்றில் இருட்டு அந்தப் பையனின் வீட்டில் இருந்து வந்தது, இன்னொன்றில் ஸ்டூடியோ மீட்டிங்கில் இருந்து வந்தது. இதற்குப் பின்னால் உரிமைக் கணக்கும் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்படம் எடுக்காவிட்டால் பாத்திரங்களின் உரிமை காமிக்ஸ் நிறுவனமான மார்வெலுக்கே திரும்பிவிடும் என்ற ஒப்பந்தம். ஆக, படம் எடுத்தே ஆகவேண்டும், ஆனால் என்ன எடுப்பது என்று தெரியாது. குழம்பில் ருசி ஏறவில்லை என்றால் மிளகாய்த்தூளை இன்னும் ரெண்டு கரண்டி அள்ளிப் போடுகிற சமையல்காரர் மாதிரி, கதை கூடி வராத இடத்தில் இருட்டைக் கொட்டுகிறார்கள். (டர்பன் மசாலா சாப்பிட்டவர்களுக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும்.)

இதே மண்ணில் எடுத்த இன்னொரு ரீபூட்டும் உண்டு. 1995இல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்துச் சொதப்பிய ஜட்ஜ் டிரெட்டை, அதாவது வருங்கால மாநகரம் ஒன்றில் போலீசும் நீதிபதியும் தானே ஆன காமிக்ஸ் ஹீரோவை, கேப் டவுனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் வைத்து மறுபடி எடுத்து 2012இல் வெளியிட்டார்கள். ஜோகன்னஸ்பர்க் கட்டடங்களின் மேல்தான் அந்த மாநகரத்தையே கட்டினார்கள். கொடூரமான படம், குழந்தைகளைக் கூட்டிப் போகவே முடியாது. ஆனாலும் எனக்குப் பிடிக்கும். டிரெட்டாக நடித்த கார்ல் அர்பன் படம் முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை, ஒரே கட்டடம், ஒரே நாள், ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்தது. யாரும் தன் சோகக்கதையை மழையில் நின்று சொல்லவில்லை. நேரத்தையே மெதுவாக்கும் போதை மருந்துக் காட்சிகளில் தண்ணீர்த்துளிகூட வைரம் மாதிரி மின்னும். அது தியேட்டரில் ஓடவில்லை, செலவைக்கூடச் சரியாக எடுக்கவில்லை, அதனால் அடுத்த பாகமும் இல்லை. ஸ்டூடியோக்கள் அதில் இருந்து என்ன கற்றுக்கொண்டன? ஒன்றுமில்லை.

இருட்டுக் கதை நமக்குப் பிடிக்காது, தமிழர்கள் பாட்டும் கூத்தும்தான் கேட்பார்கள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். 1860இல் ட்ரூரோ கப்பலில் மெட்ராஸில் இருந்து டர்பன் துறைமுகத்துக்கு முதல் கூலிகள் வந்து இறங்கிய நாளில் இருந்து இந்தக் கரும்பு மண்ணுக்கு வந்துசேர்ந்த ஜனங்கள் கூடவே தெருக்கூத்தையும் கொண்டு வந்தார்கள். இங்கே அதை சிக்ஸ் ஃபூட் டான்ஸ் என்றுதான் சொல்வார்கள். விடிய விடிய அரிச்சந்திரன் கதை. பெண்டாட்டியை விற்றான், பிள்ளையை விற்றான், சுடுகாட்டில் பிணம் எரிக்க நின்றான், பாம்பு கடித்துச் செத்த தன் பிள்ளையையே தூக்கிக்கொண்டு வந்த பெண்டாட்டியிடம் கட்டணம் கேட்டான். இதைவிட இருட்டான கதையை ஹாலிவுட்டில் எவனாவது எழுதியிருக்கிறானா? நல்லதங்காள் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும்போது சபையில் அழாதவர்கள் கிடையாது. ஆனால் அந்தக் கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவன் இருக்கிறான். எப்பேர்ப்பட்ட சோகக் கதையிலும் நடுவில் புகுந்து ராஜாவையே நக்கலடிப்பான், முன்வரிசையில் தூங்குகிறவனைப் பெயர் சொல்லி எழுப்புவான். அவன் சிரிக்க வைத்துவிட்டுப் போன கையோடு சந்திரமதி ஒப்பாரி எடுத்தால் நெஞ்சைப் பிடித்து உலுக்கும். கூத்து வாத்தியார்களுக்குத் தெரிந்த இந்தத் தொழில் ரகசியம் பல நூறு கோடி போட்டுப் படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. டார்க் ரீபூட் என்று சொன்னதும் அவர்கள் முதலில் வேலையை விட்டுத் தூக்குவது கட்டியக்காரனைத்தான்.

நம் சினிமாவிலும் நல்ல உதாரணம் இருக்கிறது, உங்கள் விமர்சகர் அதை ஏன் எழுதவில்லை என்று தெரியவில்லை. 1986இல் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' ராக்கெட், கற்பனை ராஜ்யம், ஆட்டம் பாட்டம் என்று இருந்தது. 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே ஏஜென்ட் பெயரை எடுத்து, மகனைப் பறிகொடுத்த அப்பாவாக, போதை மருந்துக் கும்பல், ராத்திரி, ரத்தம் என்று மாற்றினார். இருட்டுதான். ஆனால் பெரிய சத்தம் கேட்டால் தாங்காத இதயம் உள்ள பேரக்குழந்தை ஒன்றை அந்தக் கதைக்குள் வைத்தார் பாருங்கள், அதனால் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவிலும் நாம் அந்தக் குழந்தையைப் பற்றியே கவலைப்படுகிறோம். டர்பனில் அந்தப் படத்தைத் தியேட்டரில் பார்த்தோம், தமிழே தெரியாத இந்த ஊர்த் தமிழ்ப் பையன்கள் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டே கத்தினார்கள்.

2019 ஜோக்கரைப் பற்றி ஒரு வரி. நகரத்தைக் கொளுத்துகிற கூட்டம் ஜோக்கரைத் தூக்கிக் கொண்டாடுவதைப் பார்த்து எங்கள் தியேட்டரில் சிலர் கைதட்டினார்கள். 2021 ஜூலையில் இங்கே கலவரம் வந்து கடைகளும் கிடங்குகளும் எரிந்தபோது, ராத்திரி முழுக்க ஆண்கள் தெருமுனையில் காவல் நின்றார்கள், விடிந்தால் ரொட்டிக்கும் பாலுக்கும் நீண்ட வரிசை. அதற்குப் பிறகு அந்தப் படத்தை என்னால் மறுபடி பார்க்க முடியவில்லை. நடிப்பு அபாரம், ஆஸ்கர் சரியான ஆளுக்குத்தான் போனது, அதில் எனக்குப் பேச்சே இல்லை.

2022 மார்ச்சில் வந்த மேட் ரீவ்ஸின் பேட்மேன் படத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய மூன்று மணி நேரம். முக்கால்வாசி நேரம் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாத இருட்டு, ராபர்ட் பேட்டின்சன் முகத்தில் மை வழிய, என் பெயரே பழிவாங்கல் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் சலித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வில்லன் கடல் தடுப்புச்சுவரை வெடிவைத்துத் தகர்க்க, நகரத்துக்குள் வெள்ளம் புகுந்துவிடுகிறது. பெரிய அரங்கத்துக்குள் ஜனங்கள் தண்ணீரில் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது பேட்மேன் தண்ணீரில் குதித்து, ஒரு சிவப்புத் தீப்பந்தத்தைக் கொளுத்திக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், இடிபாட்டில் இருந்து கைகொடுத்து ஆட்களைத் தூக்குகிறார், எல்லோரும் அந்த வெளிச்சத்தின் பின்னால் வரிசையாக வருகிறார்கள். காலையில் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், சூரிய வெளிச்சத்தில். பழிவாங்கினால் மட்டும் போதாது என்று அவருக்கே அப்போதுதான் உறைக்கிறது.

அடுத்த மாதமே, ஏப்ரல் 11, 12 தேதிகளில், எங்கள் குவாஸூலு நடால் மாகாணத்தில் பெய்த மழையில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலைச்சரிவில் இருந்த வீடுகள் மண்ணோடு போயின, பாலங்கள் போயின, கப்பல் சரக்குப் பெட்டிகள் நெடுஞ்சாலையில் மிதந்து வந்து கிடந்தன. தோங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் பாழாகி மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீர் வந்தால் தெருவே வாளியோடு ஓடும், வயதானவர்கள் வீட்டுக்குப் பையன்கள் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் கேன்களை வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். எதிர்வீட்டு ஆயாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த பையன்களில் ஒருவன் அந்தப் படத்தை இரண்டு தடவை பார்த்தவன். அவனிடம் கேட்டேன், படத்தில் உனக்கு எது பிடித்தது என்று. சண்டையையோ காரையோ சொல்லுவான் என்று நினைத்தால், தண்ணீரில் வெளிச்சம் பிடித்துக்கொண்டு வருவாரே அது என்றான். மூன்று மணி நேர இருட்டில் அவன் எடுத்துக்கொண்டது அந்த ரெண்டு நிமிடத்தை. அந்த இயக்குநருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அதனால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ரெண்டு நிமிடத்துக்கு அவ்வளவு நேரம் எங்களை இருட்டில் உட்கார வைத்திருக்க வேண்டாம்.

அதே படம் பின்னால் டிவியில் வந்தபோது இன்னொரு கூத்து. பகலில் திரை போட்ட ஜன்னல் வழியே கொஞ்சம் வெயில் வந்தாலே போதும், டிவியில் நம் முகம்தான் தெரிகிறது, பேட்மேன் தெரியவில்லை. ராத்திரி பார்க்கலாம் என்றால் அந்த வருடம் இங்கே லோட்ஷெடிங் உச்சத்தில் இருந்தது, ஒரு நாளைக்குப் பல தடவை மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஒரு கட்டத்தில் திரை கருப்பானது, படத்தில்தான் ஏதோ காட்சி என்று நாங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், ஃபிரிட்ஜ் சத்தம் நின்றதைக் கவனித்த பிறகுதான் கரண்ட் போனதே தெரிந்தது.

சரி, 2025இல் காற்று மறுபக்கம் திரும்பியிருக்கிறது. ஜேம்ஸ் கன்னின் சூப்பர்மேன் பளிச்சென்ற நீலச் சட்டை, மேலே சிவப்பு ஜட்டி, கூட ஒரு அடங்காத நாய் என்று வந்தார். பூதாகரமான மிருகத்தோடு சண்டை போடும்போது நடுவில் ஓடி வந்து ஒரு அணிலைக் காப்பாற்றுகிறார், எனக்கு அந்த ஒரு காட்சிக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது. ஃபென்டாஸ்டிக் ஃபோரும் 1960களின் ஜோரில் குடும்பமாகத் திரும்பி வந்தார்கள். இதை வைத்து, இனி வெளிச்சம்தான் ஃபார்முலா என்று உங்கள் பக்கத்தில் கட்டுரை வரப்போகிறது என்று எனக்கு இப்போதே பயமாக இருக்கிறது. வேண்டாம். புது சூப்பர்மேன் உலக வசூலில் 2013 படத்தைத் தாண்டக்கூட இல்லை. 2017இல் ஹ்யூ ஜாக்மேன் கிழட்டு வுல்வரினாக நடித்த 'லோகன்' சூப்பர்ஹீரோ படங்களிலேயே ரொம்பச் சோகமானது, அதை எடுக்காமல் விட்டிருந்தால் நமக்குத்தான் நஷ்டம். 2018இல் 'பிளாக் பேந்தர்' வந்தபோது, எங்கள் நாட்டு நடிகர் ஜான் கனியும் அவர் மகனும் ஒரே ராஜாவை முதுமையிலும் இளமையிலும் நடித்தார்கள், ஆப்பிரிக்க ராஜாக்கள் எங்கள் நாட்டுக் கோசா மொழி பேசினார்கள். அது கலர் கலரான படம், ஆனால் அதன் வில்லன் கேட்ட கேள்வி எந்த டார்க் படத்திலும் இல்லாத அளவுக்குக் கனமாக இருந்தது.

ஆகவே உங்கள் சினிமா பக்கத்துக்கு என் வேண்டுகோள்கள் இவைதான். படம் டார்க் என்று எழுதினால், எதற்காக டார்க், யாருடைய வாழ்க்கையில் இருந்து அந்த இருட்டு வருகிறது என்று கூடவே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அப்படி ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் அந்த அரை மார்க்கையும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், எந்த வயதுப் பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்பதை விமர்சனப் பெட்டியிலேயே போடுங்கள். இங்கே தணிக்கை வாரியம் 13, 16 என்று வயதைப் போட்டு, வன்முறைக்கு வி, திகிலுக்கு எச் என்று காரணத்தையும் எழுத்தில் சொல்லிவிடுகிறது. இந்தியாவிலும் 2024இல் இருந்து யுஏ 7+, 13+, 16+ என்று பிரித்துத்தான் கொடுக்கிறார்கள், ஆனால் உங்கள் பக்கத்தில் அது வருவதே இல்லை. சூப்பர்ஹீரோ படம் என்றதும் ஏழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், தலை வெடிக்கிற காட்சியில் அதன் கண்ணைப் பொத்துகிற அப்பா அம்மாக்களை நான் இங்கே நிறையப் பார்க்கிறேன், அங்கேயும் இருப்பார்கள். 2025 சூப்பர்மேனில் இந்தியத் தணிக்கை வாரியம் முத்தக் காட்சியை வெட்டியதைப் பற்றி எல்லோரும் எழுதினீர்கள், 2013 படத்தில் கழுத்து முறிப்பதைப் பற்றி ஒருத்தரும் எழுதவில்லை, அதையும் ஒரு நாள் எழுதுங்கள்.

பேட்மேனின் அடுத்த பாகம் 2027இல் வரும் என்கிறார்கள். அதற்கு விமர்சனம் எழுதப் போகிறவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
தோங்காட், தென்னாப்பிரிக்கா